புவனா மிஸ்ஸி கிள்ளானுக்கு வந்த வியாழக்கிழமைகள்

புதன்கிழமை மதியம், பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவதற்குச் சற்று முன்பு என் கைப்பேசி அடித்தது. அடுப்பில் பாசிப்பயறு வெந்துகொண்டிருந்தது. ஒரு கையில் அகப்பையோடு எடுத்தேன். பேசியது புவனா மிஸ்ஸியின் மகள் சுமதி.

"ஆன்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள்.

"எங்க போயிட்டாங்க? டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அடுப்பை அணைத்தேன். கீழே பள்ளி வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முப்பத்திரண்டு பிள்ளைகள் படியேறி வந்து, காலணியைக் கழற்றி, கை கழுவ வரிசையில் நின்றார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் தட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள். இந்தச் சாவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போட்டேன் என்று தெரிந்தால், என்னை முதலில் திட்டுபவர் புவனா மிஸ்ஸியாகத்தான் இருப்பார்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் அவர் கையால் எடை பார்க்கப்பட்டவர்கள். சிலர் உங்கள் பிள்ளைகளை அவரிடம் காட்டியவர்கள். அவரை அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புவனேஸ்வரி அரசாங்கத் தாதியாக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர். நம் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிறந்தவர். எங்களைப் போலவேதான் பேசுவார். 'ஆமாம்' என்பதற்கு மட்டும் 'ஓம்' என்பார். முதல் மாதத்தில் அவர் 'ஓம்' சொல்லும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக் கையைக் கூப்பினார்கள். அவர் அதைத் திருத்தவும் இல்லை.

எங்கள் மையம் கிள்ளானில், லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து வெளியே வந்த பிறகு நான் அதை நடத்தத் தொடங்கினேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் இங்கே வருவார்கள். சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு, மாலை ஆறரைக்கு வீடு. பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள். அம்மா அப்பா இருவரும் தொழிற்சாலையில் இருப்பார்கள், அல்லது ஒருவர்தான் இருப்பார். சளி, காது வலி, சொறி, பல் வலி எல்லாவற்றுக்கும் என்னிடம் இருந்தது ஒரு தைலப் புட்டி. தெரிந்தவர் ஒருவர் மூலம் மிஸ்ஸியைக் கேட்டுப் பார்த்தேன். மாதத்தின் முதல் வியாழக்கிழமை வருகிறேன் என்றார். வந்தார். ஐந்து வருடம் வந்தார்.

முதல் நாள் அவர் பையையே திறக்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில் ஒரு பெண் பிள்ளையை நாங்கள் எல்லாரும் அடங்காதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மிஸ்ஸி அவளுக்குப் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில், "ஐஸ்கிரீம் யாருக்கு வேணும்?" என்றார். அறையே திரும்பியது. அவள் திரும்பவில்லை.

"சரோ, இந்தப் பிள்ளைக்குத் திமிரு இல்ல. காது கேக்கல" என்றார் என்னிடம்.

இரண்டு காதிலும் சீழ். எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கிறாள். பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

பேன் கதை பலருக்கு நினைவிருக்கும். ஒரு வருடம் மையம் முழுக்கப் பேன் பரவிவிட்டது. யாரிடமிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குள் பேச்சு தொடங்கி, ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்கிற அளவுக்கு வந்தது. மிஸ்ஸி வந்தார். நடு அறையில் உட்கார்ந்து தன் கொண்டையை அவிழ்த்தார். "சரோ, முதல்ல எனக்கு வாரு" என்று பேன் சீப்பைக் கொடுத்தார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, நான் வாரினேன். இரண்டாவது இழுப்பில் ஒன்று வந்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் அதை வெள்ளைத் தாளில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். "பாத்தீங்களா, மிஸ்ஸிக்கும் இருக்கு. அடுத்து யாரு?" அன்று மாலைக்குள் எல்லாத் தலையும் வாரி முடிந்தது.

இவ்வளவு சாமர்த்தியமான மனிதருக்கும் தவறு நேர்ந்தது. தர்ஷினியின் கதையை நான் எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். அவளும் அவள் தாயார் ரேவதியும் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

தர்ஷினிக்கு அப்போது ஒன்பது வயது. ரேவதிக்கு தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார், திரும்பி வர இரவு எட்டாகிவிடும். வீட்டில் வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆறரைக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப் போவார். ஒரு வியாழக்கிழமை எடை பார்த்தபோது தர்ஷினி ஒரு கிலோ குறைந்திருந்தாள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு கிலோ. மிஸ்ஸி எடைப் புத்தகத்தை மூடிவிட்டு, ரேவதியைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தச் சனிக்கிழமை அதற்காகவே ரயில் ஏறி வந்தார்.

ரேவதி படியேறி வந்து மூச்சு விடுவதற்குள் மிஸ்ஸி தொடங்கிவிட்டார்.

"ரேவதி, பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறியா இல்லையா? எலும்பும் தோலுமா நிக்குது. வீட்டுல என்னதான் நடக்குது?"

"குடுக்கிறேன் மிஸ்ஸி. நல்லாத்தான் சாப்பிடுறா. பசிக்குது பசிக்குதுன்னு கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறா."

"கேட்டுக் கேட்டுச் சாப்பிடுற பிள்ளை இப்படியா இருக்கும்?"

ரேவதி தலையைக் குனிந்துகொண்டு, பெற்றோர் வந்து போனதற்காக நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நானும் மிஸ்ஸி பக்கம்தான் நின்றேன். போன பிறகு, "ஓட்டி ஓட்டின்னு ஓடுனா பிள்ளையை யாரு பாக்குறது?" என்று வேறு சொன்னேன். ஓட்டி என்றால் எங்கள் ஊரில் கூடுதல் நேர வேலை. அதைச் செய்யாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, தலையில் பூசும் மருந்து கொண்டுவந்து கொடுப்பதற்காக மிஸ்ஸி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். என்னிடம் பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். சமையலறைக் குழாயடியில் தர்ஷினி தன் போத்தலை நிரப்பிக் குடித்துவிட்டு, மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனாவது போத்தல்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைதான் சொன்னாள். "அவ நிறைய குடிப்பா மிஸ்ஸி. கழிவறைக்கும் போய்க்கிட்டே இருப்பா. டீச்சர் ஏசுவாங்க."

டீச்சர் என்பது நான்தான்.

மிஸ்ஸிக்குப் பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உண்டு. சொந்தக் கருவியைக் கைப்பையில் வைத்திருப்பார். தர்ஷினியை மடியோடு சேர்த்து உட்கார வைத்து விரலில் குத்தினார். கருவியில் எண்ணே வரவில்லை. அது அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்கிற எழுத்துதான் வந்தது. மிஸ்ஸி எழுந்து நின்றார். "சரோ, காடி வேணும். இப்பவே" என்றார். காரைத்தான் எங்கள் ஊரில் காடி என்போம்.

கீழே டயர் கடைத் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், ஓடினேன். அவர் ஒரு வாடிக்கையாளரின் காடியை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தன் சொந்தக் காடியின் சாவியை எடுத்தார். "செப்பாட் லா மிஸ்ஸி, செப்பாட்" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினார். மருத்துவமனை போய்ச் சேரும்போது தர்ஷினி கண்ணைத் திறக்கச் சோம்பல் படுபவள் போல இருந்தாள். அவளுடைய உடலில் இன்சுலின் சுரப்பது நின்றுபோயிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், வாக்கியத்தை முடிக்கவில்லை.

ரேவதி தொழிற்சாலைச் சீருடையோடு நேரே வார்டுக்கு வந்தார். மகளைப் பார்த்தார், நெற்றியைத் தடவினார், டாக்டரிடம் பேசினார். அதுவரை மிஸ்ஸி சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். நான் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பிறகு ரேவதியின் முன்னால் போய் நின்றார்.

"ரேவதி, அன்னிக்கு நான் உன்னைத் திட்டினது தப்பு. கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறான்னு நீ சொன்ன. நான் காது குடுத்துக் கேக்கல. அப்பவே கேட்டிருந்தா பிள்ளை இப்படிப் படுத்திருக்காது. என்னை மன்னிச்சிடு."

"ஐயோ, விடுங்க மிஸ்ஸி. நீங்கதானே இன்னிக்குக் கொண்டாந்து சேத்தீங்க."

"விடக் கூடாது. சரோ முன்னாடிதான் உன்னைத் திட்டினேன். அதனால அவ முன்னாடியே சொல்றேன்."

ரேவதி அழத் தொடங்கினார். மிஸ்ஸி அழவில்லை. என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. நானும் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது, வாய் வரவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். அடுத்த மாதம் எடைப் புத்தகத்தைத் திறந்தபோது, அந்தச் சனிக்கிழமைத் தேதிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'தாய் சொன்னதை நான் கேட்கவில்லை.' வேறு யாரும் பார்க்காத புத்தகம் அது.

தர்ஷினி வீடு திரும்பியதும் வேறு பிரச்சினை தொடங்கியது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும் அவளுக்கு ஊசி போட வேண்டும். காலையிலும் இரவிலும் ரேவதி போடுவார். மதியச் சாப்பாடு எங்கள் மையத்தில். மையத்தின் செயற்குழு கூடியது. தலைவர் கெட்டவர் அல்ல, பயந்தவர்.

"ஒரு ஊசி தப்பாப் போயிட்டா யாரு பதில் சொல்றது? நம்ம கிளினிக்கா நடத்துறோம்? பிள்ளை கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

நானும் தலையாட்டினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் கையால் ஊசி போடும் துணிச்சல் எனக்கு இல்லை.

மிஸ்ஸி குழுவில் உறுப்பினர்கூட இல்லை. கதவோரம் உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கிவிட்டுப் பேசினார். "வீட்டுல இருக்கட்டும்னு சொல்றீங்க. அந்த வீட்டுல மதியம் யாரு இருக்கா? நோய் இல்லாத பிள்ளையை மட்டும் பாத்துக்கிறதுக்கு நாம எதுக்கு? ஊசியை நான் போடுறேன். தினமும் வாரேன்."

"தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தா?"

"ஓம்."

தலைவர் சரி என்றார். அறுபத்தாறு வயதில், பள்ளி நாள் ஒவ்வொன்றும், மதியத்துக்கு முன்பு ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கி, வெயிலில் நடந்து, மாடியேறி வந்தார். ஒரு ஊசி. பிள்ளை சாப்பிடுகிறாளா என்று பார்ப்பார். மறுபடி ரயில். இரண்டரை மாதம் இப்படிப் போனது. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். "இந்தா, நீ போடு" என்று ஒரு நாளும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் பெருமழை. ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. கைப்பேசியில் கூப்பிட்டார்.

"சரோ, நான் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். பிள்ளைக்குப் பசிக்கும். நீதான் போடணும்."

"என்னால முடியாது மிஸ்ஸி."

"சரி, முடியலைன்னு சொல்லிக்கிட்டே கையைக் கழுவு."

கழுவினேன். சர்க்கரை அளவைச் சொன்னேன், அவர் மருந்தளவைச் சொன்னார். என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். தர்ஷினி தானாகவே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். "பரவால்ல டீச்சர், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். போட்டேன். பத்து எண்ணச் சொன்னார் மிஸ்ஸி, எண்ணினேன். ரயில் பெட்டியில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. "எடுத்துட்டியா? சோறு போடு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. பதறிப்போய்க் கூப்பிட்டேன். "ரயில் இன்னிக்கு ஓடலையா மிஸ்ஸி?"

"ரயில் நல்லாத்தான் ஓடுது. நான்தான் ஏறல. நீ போடு."

கடைசி ஒரு வருடம் அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. மாடியேற டாக்டர் தடை சொன்னார். கிள்ளானுக்கு வருவதை நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். கீழே ஐந்தடி நடைபாதையிலேயே, டயர் கடை வாசலில், எடைக் கருவியை வைக்கச் சொன்னார். தவுக்கே டயர் அடுக்கை நகர்த்தி இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராக இறங்கி வந்தார்கள். டயர் மாற்ற வந்த சில லோரிக்காரர்கள்கூட இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போனார்கள். "இவங்களை நீங்க எதுக்கு மிஸ்ஸி பாக்குறீங்க?" என்று கேட்டேன். "இவங்களும் யாரோ ஒரு பிள்ளைக்கு அப்பாதானே லா" என்றார்.

மருத்துவமனையில் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, போவதற்கு மூன்று நாள் முன்பு. மூக்கில் ஆக்சிஜன் குழாய். பேசக் கூடாது என்று சுமதி சொல்லியிருந்தாள். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"புதுசா வந்த ரெண்டு பிள்ளைக்கும் பூச்சி மருந்து குடுத்தியா?"

கொடுக்கவில்லை. வாங்கிய மருந்து அலமாரியில் இருந்தது. "குடுத்தாச்சு மிஸ்ஸி" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்காவது குடு" என்றார்.

மறுநாள் கொடுத்துவிட்டேன். கொடுத்த தகவலைச் சுமதிக்கு அனுப்பினேன். படித்துக் காட்டியபோது கண்ணை மூடிக்கொண்டே தலையசைத்தார் என்று சொன்னாள்.

இறுதிச் சடங்கு வியாழக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நடந்தது. ரேவதி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தர்ஷினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. யாரோ தேநீர் கொடுத்தபோது, சீனி போட்டதா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு வீட்டுக்கு வெளியே ஒரு ஓரமாகப் போய், யாருடைய உதவியும் இல்லாமல் தன் விரலில் குத்தி அளவு பார்த்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். தவுக்கே கடையைச் சாத்திவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அது மாதத்தின் முதல் வியாழக்கிழமை. மதியம் நாங்கள் கிள்ளானுக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு எடை பார்த்தோம். ரேவதி புத்தகத்தில் எழுதினார்.

அம்மாவின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சுமதி கேட்டாள். எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு.

போன வாரம் ஒரு தகப்பனார் மகனை அழைத்துப் போக ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். பிள்ளைகள் முன்னால் அவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். பொறுப்பில்லாதவர் என்று சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு போய்விட்டார். வழியில் மோட்டார் சைக்கிள் பழுதாகி, அதைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் என்று மறுநாள் மகன் சொல்லித்தான் தெரிந்தது. மாலையில் அவர் வரும்வரை மனம் இருப்புக்கொள்ளவில்லை. பேசாமல் விட்டுவிடலாம், அவரும் மறந்திருப்பார் என்று பலமுறை தோன்றியது. வந்தார். பிள்ளைகள் எல்லாம் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"தம்பி, நேத்து நான் பேசினது தப்பு. என்ன ஏதுன்னு கேக்காமலே பேசிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

புவனா மிஸ்ஸியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். எடுத்துக்கொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது.